சாம் மக்களின் பள்ளிவாசல்களில் ஒரு முஸாஃபிர்

கம்போடியாவின் கம்போங் சினாங் மாகாணத்தில் உள்ள ஓ ருசெய் என்ற சாம் இன மக்களின் கிராமத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்தபின், பெரியவர்களிடம் அனுமதி கேட்டு எடுத்த நான்கைந்து படங்களை ஊர் நண்பர்களுக்கு அனுப்பினேன். வெள்ளை அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த முதியவர்கள் பாயில் வரிசையாக அமர்ந்திருக்கும் படங்கள் அவை. அந்த மக்கள் வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டுமே கூடித் தொழுபவர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தேன். "இவர்களும் முஸ்லிம்கள்தானா?" என்பதுதான் முதலில் வந்த பதில். அடுத்து வந்த பதில், இவர்களுக்கு மார்க்கத்தைச் சரியாகக் கற்றுக்கொடுக்கப் பணம் திரட்டலாமா என்று கேட்டது. இரண்டையும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்தபோது என் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அது 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மலேசியாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்து முடித்து ஊர் திரும்பும் முன், முதுகுப் பை ஒன்றோடு ஏழு வாரங்கள் தரைவழியே போவதென்று முடிவு செய்திருந்தேன். கோத்தா பாருவில் தொடங்கி, ரந்தாவ் பாஞ்சாங்கில் எல்லையைக் கடந்து, சுங்கை கோலோக்கில் ரயிலேறி தாய்லாந்தின் நீளத்தைத் தாண்டி, போய்பேட் வழியாகக் கம்போடியாவுக்குள் போனேன். அங்கிருந்து மேகாங் ஆற்றை ஒட்டி வியட்நாமின் சாவ் தோக் வரையும், கடைசியாகக் கடலோரம் ஃபான் ராங் வரையும் போனேன். பெரிய நகரங்களில் ரயிலோ பேருந்தோ மாறுவதற்கு மட்டுமே தங்கினேன்.

உணவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் சிற்றூர்களில் பிறையும் நட்சத்திரமும் வரைந்த பலகையைத் தேடினால் சோறு கிடைத்துவிடும். கம்போடியாவில் சாம் குடும்பங்களின் கடைகளில் மீனும் மாட்டிறைச்சியும் கிடைக்கும். வியட்நாமில் பௌத்தர்கள் நடத்தும் 'சாய்' என்ற சைவ உணவகங்கள் சிறு ஊர்களிலும் இருக்கின்றன. பசியோடு எங்கும் படுக்கவில்லை.

தொழுகை அதைவிட எளிதாக இருந்தது. நான் காயல்பட்டினத்துக்காரன், ஷாஃபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட வழியைச் சேர்ந்தவன். மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும், கம்போடியாவின் பெரும்பாலான சாம் மக்களிடமும் அதே மத்ஹப்தான். முஸாஃபிராக, அதாவது பயணியாக, நண்பகல் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாக (தொழுகைச் சுற்றாக) சுருக்கிச் சேர்த்துத் தொழுதுகொண்டேன். அந்தித் தொழுகையான மஃரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் சேர்த்துத் தொழலாம் என்றாலும், மஃரிபின் மூன்று ரக்அத்தைச் சுருக்கக் கூடாது என்று சிறுவயதில் மதரஸாவில் படித்தது ரயில் பெட்டியில் நினைவுக்கு வந்தது. பள்ளிவாசலைக் கண்டுபிடித்துவிட்டால் தண்ணீரும் நிழலும் கிடைக்கும், பேச ஓர் ஆளும் கிடைப்பார். பயணத்தின் வரைபடமே பள்ளிவாசல்கள்தாம்.

அந்த வசதியே என்னை ஒரு தவறான பழக்கத்துக்கும் கொண்டுபோயிற்று. ஒவ்வோர் ஊரிலும் இங்கே பாங்கு எப்படிச் சொல்கிறார்கள், கையை எங்கே கட்டுகிறார்கள், பெண்களுக்கு இடம் உண்டா, மௌலிது என்ற புகழ்ப்பாடல் ஓதுகிறார்களா என்று பார்த்துப் பார்த்து மனத்துக்குள் மதிப்பெண் போடத் தொடங்கியிருந்தேன். நம்மவர்களில் பயணம் போகிறவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது என்பதை அவர்கள் எழுதும் பதிவுகளில் காண்கிறேன். ஒரு கோயிலுக்கோ விகாரைக்கோ போகும்போது வேற்று மரபு என்ற மரியாதையோடு நடந்துகொள்கிறோம். நம் கலிமாவைச் சொல்லும் மனிதரிடம் போகும்போது மட்டும் தேர்வுத்தாளைத் திருத்த வந்த ஆசிரியராகிவிடுகிறோம். இது தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சாம் மக்கள் யார் என்பதை அறிந்தால் இது ஏன் தவறென்பது விளங்கும். இன்றைய நடு வியட்நாமின் கடற்கரையில் பல நூற்றாண்டுகள் நிலைத்த சம்பா அரசின் வழிவந்தவர்கள் அவர்கள். 1471இல் அதன் தலைநகர் விஜயா வியட்நாமியப் படையிடம் வீழ்ந்தது, எஞ்சியிருந்த பாண்டுரங்கப் பகுதியும் 1832இல் மின் மாங் அரசரால் முற்றிலும் இணைக்கப்பட்டது. நாடு சுருங்கச் சுருங்க மக்கள் பகுதி பகுதியாக மேகாங் கரைக்கு வந்து குடியேறினார்கள். கம்போங் சாம் என்ற ஊர்ப்பெயருக்கே சாம் மக்களின் படகுத்துறை என்றுதான் பொருள். அவர்களில் ஒரு சிறு பிரிவினர்தான் ஓ ருசெய் கிராமத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் சான் என்ற மகானின் வழியைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு அந்தப் பெயரே வழங்குகிறது. உடோங் மலையில் தங்கியிருந்த அவரை கம்போடிய அரசர் அங் துவாங் சந்தித்து மதிப்பளித்து நிலம் கொடுத்ததாக அவர்களுடைய மரபு சொல்கிறது. ஆண்டுதோறும் அந்த மலையில் அவருக்கு மௌலூது விழா எடுக்கிறார்கள். சாம் மொழியின் பழைய எழுத்தைக் கம்போடியாவில் இன்னும் எழுதிப் படிப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

1975ஆம் ஆண்டு ஏப்ரலில் பொல் பாட்டின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் கம்போடியாவில் ஆட்சிக்கு வந்தது. குர்ஆன் பிரதிகளைப் பறித்துக் கொளுத்தினார்கள், பள்ளிவாசல்களை இடித்தார்கள் அல்லது பன்றிப் பட்டிகளாக்கினார்கள், பெண்களின் கூந்தலை வெட்டினார்கள், சாம் மொழியைப் பேசவே தடை விதித்தார்கள். அதே ஆண்டில் மேகாங் கரையின் கோ பால், ஸ்வாய் கிளியாங் என்ற இரு சாம் ஊர்கள் எதிர்த்து எழுந்தன. கத்தியும் வாளும் ஏந்தி நின்றவர்களைத் துப்பாக்கிகள் அழித்தன, தப்பியவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தொலைவுக்கு அனுப்பினார்கள். 1979இல் அந்த ஆட்சி வீழ்வதற்குள் சாம் மக்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரும் வேறுபாடு உண்டு, 90,000 என்பது குறைந்த கணிப்புகளில் ஒன்று. சாம் மக்கள் மீது நடந்தது இனப்படுகொலை என்று ஐ.நா. துணையோடு அமைந்த நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்து, கெமர் ரூஜ் தலைவர்களில் ஒருவரான நுவோன் சேயாவைக் குற்றவாளி என்று அறிவித்தது. நான் அங்கே போவதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு வந்த தீர்ப்பு அது.

மார்க்கம் அறிந்தவர்களைத் தேடித் தேடிக் கொன்ற ஆட்சி அது. ஓதிக்கொடுக்க ஆளில்லாமல், கிதாபு என்ற மார்க்க நூல் இல்லாமல், தொழும் இடம் இல்லாமல் நான்கு ஆண்டுகள் கிடந்த ஒரு சமூகம், நினைவில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் எழுந்து நின்றிருக்கிறது. ஓ ருசெய் பள்ளிவாசலின் திண்ணையில் என்னருகே அமர்ந்திருந்த முதியவர் தம் மலாய்க்கார நண்பர்களிடம் கற்ற அரைகுறை மலாயில், துணியில் சுற்றிய ஒரு கையெழுத்துச் சுவடியைக் காட்டி, இதன் மூலத்தைத் தம் தகப்பனார் மண்ணில் புதைத்து வைத்திருந்தார் என்றும், எடுத்தபோது பாதித் தாள்களைக் கறையான் தின்றிருந்தது என்றும், மீதியைப் பார்த்துப் பார்த்து எழுதி முடிக்கத் தமக்கு இரண்டு மழைக்காலங்கள் ஆயின என்றும் சொன்னார். மசி மங்கிய இடங்களில் அவர் விரலை வைக்காமல் சற்று மேலே தூக்கியே நகர்த்தினார். அந்த மனிதரிடம் போய், வாரத்துக்கு ஒருமுறைதான் தொழுகிறீர்களா என்று நான் எந்த வாயால் கேட்பேன்?

ஐவேளைத் தொழுகை கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் எடுத்துக்கொண்ட கஸர் என்ற பயணத் தொழுகைச் சுருக்கச் சலுகையும் அவர்களுடைய வழக்கமும் ஒன்றல்ல என்பதும் தெரியும். மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பேசவேண்டியதை ஆலிம்கள் பேசட்டும், அதற்கு அங்கேயே ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் அந்த விவாதம் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. இரண்டு நாள் தங்கிச் சோறு வாங்கி உண்டுவிட்டுப் போகிற வழிப்போக்கனுக்கு அதில் தீர்ப்பு எழுதும் தகுதி இல்லை.

பணம் திரட்டலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த உதவியால் கம்போடியாவில் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் பளிங்குத் தளம் போட்ட பள்ளிவாசல்களும் எழுந்திருக்கின்றன. ஏழை மக்களுக்கு அவை தேவைப்பட்டன, கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் கூலி தருவான். ஆனால் உதவியோடு சேர்ந்து இன்ன முறையில் தொழ வேண்டும், இன்ன விழாவை நிறுத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வந்தபோது, இமாம் சான் வழியினரின் சில கிராமங்கள் பழைய மரபை விட்டுவிட்டன, சில கிராமங்கள் இரண்டாகப் பிரிந்தன. கெமர் ரூஜுக்குத் தப்பிய சுவடிகள் தேவையற்றவை என்று ஒதுக்கப்பட்டால் அடுத்த தலைமுறையில் அவற்றைப் படிக்க ஆளிருக்காது. கொடுப்பதானால் நிபந்தனையின்றிக் கொடுப்போம்.

ஃபான் ராங் பகுதியில் பழைய இஸ்லாமிய மரபைப் பின்பற்றும் பானி சாம் மக்களிடமும் இதே பாடத்தைத்தான் கற்றேன். அங்கே ரமலானை ஒத்த ரமவான் மாதத்தில் 'அச்சார்' எனப்படும் குருமார்கள் பள்ளிவாசலிலேயே தங்கித் தங்கள் குலத்தார் அனைவருக்காகவும் நோன்பிருக்கிறார்கள். அவர்கள் பன்றியைத் தொடுவதில்லை, பக்கத்தில் வாழும் இந்து மரபுச் சாம்கள் மாட்டைத் தொடுவதில்லை. இருவரும் ஒருவரையொருவர் ஒரே உடலின் இரு பாதிகளாகக் கருதுகிறார்கள். நம் ஊர் மேடைகளில் மதநல்லிணக்கம் என்று பேசுவதை அங்கே யாரும் பேசிக் கேட்கவில்லை, அண்டை வீட்டுக்கு என்ன சமைத்து அனுப்பலாம் என்பதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நாம் யார் என்பதையும் நினைக்கவேண்டும். காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் நம் முன்னோர் வளர்த்த பழக்கங்களை வெளியூர் முஸ்லிம்கள் பார்த்து இதுவும் இஸ்லாமா என்று கேட்டபோது நமக்கு எப்படி வலித்தது? என் உம்மம்மா (தாயின் தாய்) அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது, ஆகையால் படிப்பறிவில்லாதவர் என்று கணக்கெடுப்பில் குறித்துக்கொண்டு போனார்கள். மாலைகள், முனாஜாத்துகள் என்ற பக்திப் பாடல்கள் அவர்களுடைய நோட்டில் நிறைந்திருந்தன.

அந்த நோட்டின் ஒரு பக்கம் படமாக என் கைபேசியில் இருந்தது. சாவ் தோக்கிலிருந்து படகேறி அக்கரையில் இருக்கும் சாவ் ஜியாங் என்ற சாம் ஊருக்குப் போனபோது, ஓதிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார்கள். கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய மரவீடு. தூணில் வெள்ளம் ஏறிய ஆண்டுகளைக் கோடு போட்டுக் குறித்திருந்தார்கள், 2000 என்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. பெரியவர் என் கைலியைத் தொட்டுப் பார்த்து 'பெலிகாட்' என்றார். நம் பழவேற்காட்டுக்கு வெள்ளையர் இட்ட புலிக்காட் என்ற பெயர்தான் மலாயில் அப்படி ஆகி, துணிக்கே பெயராக நின்றுவிட்டது என்று நான் சொன்னதும், தம் மனைவியை உள்ளிருந்து அழைத்து அதை அவரிடமும் சொல்லச் சொன்னார்.

பிறகு கைபேசியில் உம்மம்மாவின் பக்கத்தைக் காட்டினேன். மலாயை அரபு எழுத்தில் படித்துப் பழகியவர் என்பதால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் நம்மவர்கள் இட்ட குறிகளில் தடுமாறி என் முகத்தைப் பார்ப்பார், நான் ஒலித்துக் காட்டியதும் தொடர்வார். பொருள் தெரியாமலேயே நான்கு வரிகளை முடித்துவிட்டு, இது எந்தக் கிதாபு என்று கேட்டார். கிதாபு இல்லை ஐயா, பிள்ளைத் தாலாட்டு என்று மலாயில் சொன்னேன். தறியின் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தார்.