ஹாச்சிகோ கறிக்காகத்தான் வந்ததா?

செத்துப்போன எஜமான் வருவாரென்று ரயில்வே ஸ்டேஷனில் பத்து வருஷம் காத்திருந்த ஜப்பான் நாய் ஹாச்சிகோ. அதன் கதையை எங்கே எடுத்தாலும் ஒருத்தர் குறுக்கே வந்துவிடுகிறார். "அது எஜமானுக்காக எல்லாம் வரலைங்க. ஸ்டேஷன் வாசல்ல யாகிடோரி கடைக்காரங்க போடுற கோழிக்கறிக்காக வந்துச்சு." யாகிடோரி என்றால் குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கறி. செத்த பிறகு ஹாச்சிகோ வயிற்றில் அந்தக் குச்சிகள் இருந்தது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு பத்து வருஷத்தைத் தள்ளுபடி செய்வதுதான் எனக்கு எரிச்சல்.

கணக்கைப் பாருங்கள். அகிதா ஊர்க் குட்டி, 1924 தொடக்கத்தில் டோக்கியோவுக்கு வந்தது. அதன் எஜமான், வேளாண் பேராசிரியர் உவேனோ, 1925 மே மாதம் பல்கலைக்கழகத்தில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். ஒன்றரை வருஷம்கூட அவரோடு இருக்கவில்லை. அதன்பிறகு 1935 மார்ச்சில் சாகும்வரை டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பேராசிரியர் வீட்டுத் தோட்டக்காரர் கொபயாஷி அதை எடுத்து வளர்த்தார், சோறு போட்டார். ஆக, வயிற்றுப்பாட்டுக்கு ஸ்டேஷனைத் தேடிப்போக வேண்டிய நிலைமை அதற்கு இல்லை.

இன்னொன்று. 1932இல் அசாஹி நாளிதழில் செய்தி வரும்வரை ஸ்டேஷனில் அது ஒரு தொல்லை. ஊழியர்கள் விரட்டினார்கள், பொடியன்கள் சீண்டினார்கள். ஊரே கூடித் தீனி போட ஆரம்பித்தது பேப்பரில் பேர் வந்த பிறகுதான். விரட்டிய காலத்திலும் வந்த நாயை "கறிக்கு வந்தது" என்றால் எப்படி?

விசுவாசம் என்று கொண்டாடும் எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. அரசாங்கம் அதைப் பள்ளி நீதிப் பாடத்தில் ஏற்றி, நன்றி மறவாமைக்கு உதாரணமாக்கியது. 1934இல் சிலை திறந்தபோது ஹாச்சியையே கூட்டிவந்து நிறுத்தினார்கள். பத்துப் பதினோரு வருஷத்தில், போருக்கு உலோகம் வேண்டுமென்று அதே சிலையை இறக்கி உருக்கிவிட்டார்கள். (இப்போது எல்லாரும் செல்ஃபி எடுப்பது 1948இல் வைத்த மறு சிலையோடு.)

எங்கள் வீட்டு மணி சாதாரண நாட்டு நாய். தெருமுனையில் என் வண்டிச் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடிவிடும். அதே கம்பெனி, அதே மாடல் வண்டி பக்கத்து வீட்டிலும் இருக்கிறது. அதற்குக் காதைக்கூட அசைக்காது. நான் இறங்கியதும் முன்னங்காலைத் தூக்கி இடுப்பில் போட்டு, கையை ஒரு நக்கு. அடுத்த நொடி மூக்கு ஹேண்டில்பாரில் தொங்கும் பைக்குள் இருக்கும். பொறை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வாலாட்டல் இரண்டு மடங்கு. இல்லாவிட்டாலும் பின்னாலேயே வரும். இதில் எது பாசம், எது பசி என்று யாராவது பிரித்துக் காட்டட்டும். ஊரிலிருந்து போன் போட்டால் அம்மா முதலில் கேட்பதே "சாப்டியா?"தான். நமக்கே சோறும் பாசமும் ஒரே சட்டியில்தான் வேகிறது, நாயிடம் மட்டும் ஏன் தனித்தனி ரசீது கேட்கிறோம்?

என்னைக் கேட்டால் ஷிபுயா சிலையைவிட, டோக்கியோ பல்கலைக்கழக வேளாண் துறையில் 2015இல் வைத்ததுதான் சரியான சிலை. பேராசிரியர் மேல் ஹாச்சி தாவுகிறது, அவரும் குனிந்து பிடிக்கிறார். எல்லாரும் நாயின் விசுவாசத்தைப் பாடுகிறோம். அந்த ஒன்றரை வருஷத்தில் அந்த மனுஷன் குட்டியை எப்படி வைத்திருந்திருப்பார் என்று யோசிப்பதில்லை.

அந்தச் சிலையிலும் ஒரு ஆள் குறைகிறார். யாயே. பேராசிரியரோடு மனைவியாக வாழ்ந்தவர், ஆனால் கல்யாணம் பதிவாகவில்லை. அவர் போனதும் வீட்டின் மேல் இவருக்கு உரிமை இல்லாமல் போயிற்று, ஹாச்சியும் கைமாறியது. 1961இல் இறந்த யாயேயின் அஸ்தியைப் பேராசிரியர் கல்லறையில் சேர்க்க 2016 வரை ஆயிற்று. ஹாச்சிக்கு அங்கே எப்போதோ நினைவுக்கல் வைத்துவிட்டார்கள்.