ரெசிப்ட்னு வாசிச்சா அதுல என்ன குத்தம்?

அந்த ஜவுளிக்கடை வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. என் நண்பர் வட்டத்துலயே பலபேர் சிரிப்பு எமோஜி போட்டுப் பகிர்ந்திருக்கீங்க. அதனாலதான் எழுதுறேன். பில் கவுன்டர்ல நிக்கிற பொண்ணு 'ரெசிப்ட் வாங்கிக்கோங்க சார்'னு சொல்லுது. receipt-ஐ 'ரிசீட்'னு சொல்லணுமாம், அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு. போனை நீட்டினவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்றார். அதுவும் காது கேக்கலை போலன்னு நம்பித் திருப்பிச் சொல்லுது.

அந்தப் பொண்ணு எழுத்துல இருக்கிறதை வாசிச்சுது. அவ்வளவுதான். எழுதினதை எல்லாம் வாயால சொல்லணும்னு தமிழ்ல பழகின நாக்கு அது. பி (p)-ன்னு எழுதிட்டு அதைச் சொல்லாதேங்கிறது இங்கிலீஷோட கோளாறு. பிரெஞ்சு வழியா வந்தப்ப ரிசீட்ல அந்த பி கிடையாது. லத்தீன் மூலத்துல இருக்கேன்னு படிச்சவங்க பின்னாடி செருகினது. அதே குடும்பத்து டிசீட், கன்சீட் ரெண்டுலயும் பி இல்லை. ஐலண்ட்ல நிக்கிற எஸ் அதைவிட மோசம். அந்தச் சொல்லோட வேருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, தப்பா நினைச்சுச் சேர்த்தது. இதுக்கெல்லாம் யாரும் சிரிக்கலை.

எங்க அக்கா பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பி.காம் முதல் வருஷம், போர்டுல ஜர்னல் என்ட்ரி, அதாவது கணக்குப் பதிவு, போடச் சொன்னாங்க. வாராக்கடன் கணக்குப் பற்று, கடனாளி கணக்கு வரவு. சரியாத்தான் போட்டா. திரும்பி நின்னு அதையே இங்கிலீஷ்ல 'பேட் டெப்ட்ஸ் அக்கவுன்ட் டெபிட்'னு வாசிச்சா. கிளாஸே சிரிச்சுது, பாடம் எடுத்தவரும் சேர்ந்து சிரிச்சார். ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்த சொல்லுங்க ரெண்டும். டெபிட்ல (debit) பி-யைச் (b) சொல்லணும், டெப்ட்ல (debt) சொல்லக் கூடாது, 'டெட்'னுதான் சொல்லணும். இதை முன்னாடியே யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? என்ட்ரி சரின்னுகூட யாரும் சொல்லலை. இன்னைக்கும் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல போன் வந்தா பக்கத்து சீட்டுக்குக் கொடுத்துடுறா.

'அப்போ தப்பைத் திருத்தவே கூடாதா?'ன்னு வருவீங்க. திருத்துங்க. 'அந்த பி சைலன்ட்மா'ன்னு மெதுவாச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்கு எதுக்குங்க கேமரா? 'இன்டர்வியூல இப்படிப் பேசினா வேலை கிடைக்குமா?' கிடைக்காமப் போகலாம், ஒத்துக்கிறேன். அது அந்தப் பொண்ணு குத்தம் இல்லை.

'இது அடிப்படை இங்கிலீஷ்'னு ஒருத்தர் கமென்ட் போட்டிருக்கார். 1598ல அச்சான ஷேக்ஸ்பியர் நாடகம் லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்ல ஒரு வாத்தியார் வர்றார். டெட்னு சொல்றவனைத் திட்டி, பி-யைச் சேர்த்து டெப்ட்னு சொல்லணும்னு அடம்பிடிக்கிறார். அவரைக் கேலிக்குத்தான் வெச்சிருக்காங்க, தெரியும். ஆனா அவர் ஊரை மிரட்டின படிச்சவர். மாசச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நின்னுட்டு இருக்கிற பொண்ணு இல்லை.

வெள்ளைக்காரர் ஒருத்தர் 'டமில்'னு சொன்னா நமக்கு அப்படிப் பூரிக்குது. எவ்வளவு அழகாப் பேசுறார்னு பகிர்றோம். ழ வரலைன்னு யாரும் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்றதில்லை. நம்ம ஊர்ப் பொண்ணு நாக்குலதான் நமக்கு இவ்வளவு கறாரா? இதை நினைச்சா கோபத்தைவிட வருத்தம்தான் வருது.

'ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பெரிய பதிவா'ன்னு இன்பாக்ஸ்ல கேக்கப் போறவங்களுக்கு: முகத்தை மறைக்காம, கடைப் பேர் தெரியப் பகிர்ந்திருக்கீங்க. முதல்ல அதை அழிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.