பைத்தானின் உள்ளமைந்த வகைகளை மாற்றுவது ஆபத்தற்றதா?

பைத்தான் நிரல்மொழியில் இன்ட் (முழு எண்) போன்ற உள்ளமைந்த வகைகளில் மெத்தட் (வகையோடு இணைந்த ஃபங்ஷன்) சேர்க்க விடாத டைப்எரர் என்ற பிழை வெறும் சம்பிரதாயத் தடை என்றும், நினைவகக் குப்பையை அகற்ற உதவும் ஜிசி தொகுதியின் வழியே, வகையின் மெத்தட்கள் பெயரோடு பதிவாகியிருக்கும் உள் அகராதியை எடுத்துவிட்டால் எந்தத் தீங்குமின்றி மாற்றலாம் என்றும் பரவும் குறிப்பு தவறானது.

அகராதி கைக்குக் கிடைப்பது உண்மைதான். சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. பைத்தானை இயக்கும் வழக்கமான மென்பொருளான சிபைத்தான், ஒரு வகையில் தேடிய பெயருக்குக் கிடைத்த விடையை, மீண்டும் தேடாமலிருக்க, மெத்தட் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது; முறையான வழியில் மாற்றினால் அந்த விடைகள் செல்லாதவையாக்கப்படும், பின்வாசல் வழியாக மாற்றினாலோ கேஷுக்குச் சேதியே போவதில்லை. ஆகவே 'இரட்டை' என்ற பெயரை இன்ட்டில் தேடி, இல்லை என்ற விடை பெற்று, அதன்பின் சேர்த்தால், சேர்த்த பிறகும் அப்படியொரு பெயர் இல்லை என்னும் அட்ரிபியூட்எரர் வரக்கூடும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சேர்த்த ஃபங்ஷனை ஒருமுறை அழைத்துவிட்டு அகராதியிலிருந்து நீக்கும்போதுதான் நிலைமை மோசமாகிறது: கேஷ் அதன் முகவரியை மட்டுமே வைத்திருக்கிறது, அதை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்று காட்டும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, எண்ணிக்கை சுழியமாகி நினைவகம் விடுவிக்கப்பட்ட பின்னும் அடுத்த அழைப்பு அதே முகவரிக்குச் செல்வதால், நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தவறான நினைவக அணுகலால் திடீரென நின்றுபோவது) விழலாம், அதுவும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு வரியில்.

தேவை உண்மையானதெனில் சப்கிளாஸோ (அந்த வகையிலிருந்து உருவாக்கும் புது வகை) தனி ஃபங்ஷனோ எழுதுவதே வழி, 3.10 பதிப்பு முதல் பிழைச்செய்தியே இன்ட்டை மாற்றவியலாத வகை என்று குறிப்பிடுகிறது.