மழைக்கு முன்னால் ஹெட்லைட்டைத் தேய்த்துவிடுங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டது. இனி கோலாலம்பூரில் சாயங்காலம் நாலு மணி ஆனாலே வானம் கறுத்துவிடும். வேலை முடிந்து எல்லாரும் சாலைக்கு வருகிற நேரமும் அதுதான். தீபாவளிக்கு ஈப்போ, பினாங்கு என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் இந்த மழைக்குள்தான் போக வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் காரின் ஹெட்லைட் மஞ்சள் பூத்திருந்தால், புது பல்ப் வாங்க ஓடாதீர்கள், புது ஹெட்லைட்டும் வாங்காதீர்கள். முதலில் மேலே தேய்த்துப் பாருங்கள். வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

இப்போதைய கார்களின் ஹெட்லைட் முகப்பு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சின்னக் கல் பட்டால் உடையாது, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதற்காகத் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு மெல்லிய பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பனிக்காலமும் சாலையில் தூவும் உப்பும் பிரச்சினை. நமக்கு வருஷம் முழுக்க வெயில். செந்தூல், கெப்போங் பக்கத்து அடுக்குமாடிகளின் கீழே கூரையில்லாத இடத்தில் தினமும் ஒரே திசையில் நிற்கிற பழைய மைவி கார்களைப் பாருங்கள். மேற்கு வெயில் படுகிற பக்கத்து விளக்கு மட்டும் கூடுதலாக மங்கியிருக்கும். பூச்சு முதலில் மஞ்சளாகும், பிறகு உரியும்.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா போன மாதம் கேட்டார்: "ரெண்டு லைட்டும் மாத்தணும்னு பட்டறையில சொல்றாங்க தம்பி, சில நூறு வெள்ளி ஆகுமாம். மாத்தித்தான் ஆகணுமா?" போய்ப் பார்த்தேன். உள்ளே ரிஃப்லெக்டர், அதாவது ஒளியை முன்னால் திருப்புகிற கிண்ணம், பளிச்சென்று இருந்தது, விரிசல் இல்லை, தண்ணீர் இல்லை. மேலே பூச்சு மட்டும்தான் கெட்டிருந்தது. இதை மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்தோம்.

முதலில் விளக்கைச் சுற்றிப் பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிவிடுங்கள். பூச்சு உரிந்திருந்தால் 800 எண் சாண்ட்பேப்பரில் தொடங்குங்கள், வெறும் மஞ்சள் என்றால் 1000 போதும். எண் கூடக் கூடத் தாள் நைஸாகும். பிறகு 1500, 2000, முடிந்தால் 3000. சாண்ட்பேப்பர் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். ஒரு தாளில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் மேலும் கீழுமாகத் தேயுங்கள், முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். ஆரம்பத்தில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாக மாறும்வரை முதல் தாளை விடாதீர்கள். பழைய பூச்சு திட்டாக மிஞ்சினால் கடைசியில் அந்த இடம் தனியாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாக, குளியலறை ஜன்னல் கண்ணாடி போல மங்கி நிற்கும். அக்கா பயந்தே போனார். பயம் வேண்டாம், கடைசித் தாள் முடிந்து காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுத் துணியால் தேய்க்கும்போது தெளிந்துவிடும்.

நிறைய பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய பூச்சை எடுத்துவிட்டோம், பிளாஸ்டிக் இப்போது வெறும் உடம்போடு நிற்கிறது. மேலே புற ஊதாத் தடுப்புப் பூச்சு போடாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஹெட்லைட்டுக்கென்றே விற்கிற பூச்சைத் தடவுங்கள். பட்டறையில் இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கிற நிறமில்லாத கிளியர் பூச்சு நன்றாக உழைக்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கிற ரசாயனம். சரியான முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள். எதைப் போட்டாலும் வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள். காய்வதற்குள் மழை பிடித்தால் பூச்சு வெளுத்துப்போகும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பற்பசை வைத்தியம் கொஞ்ச நாள் பளபளப்பு, அவ்வளவுதான். கொசு மருந்து அடிக்கச் சொல்கிற வீடியோவை நம்பவே வேண்டாம். அதிலுள்ள டீட் என்கிற கொசுவிரட்டி ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைப்பதால்தான் அந்தத் தெளிவு வருகிறது, வழிந்தால் பெயின்ட்டும் கெடும்.

அப்புறம் பல்ப். மங்கிய முகப்புக்குப் பின்னால் எவ்வளவு வெளிச்சம் வைத்தாலும் அது சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்லெக்டரில் மலிவான எல்இடியைச் செருகுவதும் அதே கதை, ஒளி பிறக்கிற இடம் மாறிவிடுவதால் கற்றை கலைந்துபோகும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையிலும் மாட்டும். பல கார்களில் இருக்கிற எச்4 வகை ஹாலஜன் பல்ப் 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55). அங்கே 100 வாட் போட்டால் சாக்கெட் உருகிவிடக்கூடும். அதே வாட்டில் நல்ல பல்ப் வாங்கி, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் ஒட்டிய இடம் அதிகம் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

மழைக்குப் பிறகு உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்கைப் போட்டதும் மறைந்தால் கவலை இல்லை. தண்ணீர் தேங்கினால் முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். பல்ப் மாற்றியவர்கள் அதைச் சரியாக அமுக்காமல் விட்டிருப்பார்கள். அது சரியாக இருந்தால் முகப்பை ஒட்டியிருக்கிற பசை விட்டிருக்கலாம், அதைத் தெரிந்தவரிடம் விடலாம்.

காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கொட்டுகிற மழையில் நான்கு சிக்னலையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். ஈப்போ பக்கத்து நெடுஞ்சாலையில், மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் அந்த மலைப்பாதையில் முன்னே போகிறவர் இடது பக்கம் திரும்புகிறாரா, நிற்கிறாரா என்று எப்படித் தெரியும்? ஹெட்லைட்டைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்தே எரியும், அது போதும்.

பெயின்ட்டுக்கு மழைக்கு முன் ஒரு வாக்ஸ், கல் பட்டு உரிந்த இடத்தில் ஒரு பொட்டு டச்-அப், வைப்பருக்குக் கீழே அடைந்திருக்கிற இலைகளை அள்ளிப் போடுவது, இவ்வளவு செய்தால் சரி.

என்னிடம் 1500, 2000 தாள்கள் மிச்சம் இருக்கின்றன, பாதி டியூப் காம்பவுண்டும் இருக்கிறது. செந்தூல் பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லிவிட்டு ஞாயிறு காலை வாருங்கள், சேர்ந்தே செய்யலாம். பூச்சு மட்டும் நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள்.