முந்நூறு முழம்

கமிட்டி மாமா: மக்களே, என் ரப்பர் விளைக்குள் கயிறு கிடக்கிறதே, யார் போட்டது?

மருமகள்: மூத்தவன்தான் மாமா. பேழைக்கு அளக்கிறான். எங்கள் விளை 180 முழத்திலேயே முடிந்துவிட்டது. மீதி 120 முழம் உங்கள் பக்கம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா: 120 முழமா! மொத்தம் எவ்வளவு?

மருமகள்: நீளம் 300, அகலம் 50, உயரம் 30. மூன்று தட்டு. பக்கவாட்டில் ஒரு கதவு, மேலே ஒரு ஜன்னல்.

மாமா: மூன்று மாடிக்கு ஒரே ஜன்னலா? பிளான் போட்டது யார்?

மருமகள்: கர்த்தர்.

மாமா: (திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்) அப்படியானால் ஊரில் சொல்வது மெய்தான். வீட்டிலேயே பள்ளி தொடங்கிவிட்டாய்.

(எங்கள் குமரி மாவட்டப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குப் பள்ளி என்றால் படிக்கிற இடமும் உண்டு, ஆராதனைக்குப் போகிற இடமும் உண்டு. மாமாவின் காதில் எப்போதும் இரண்டாவதுதான் விழும். சபைக் கமிட்டியில் இருப்பவர் காது அப்படி.)

மருமகள்: ஆமாம் மாமா. ஜூன் மாதமே தொடங்கியாயிற்று.

மாமா: எத்தனை பேர்?

மருமகள்: இரண்டு பேர். அதில் ஒருத்தி பாதி நேரம் தூக்கம்.

மாமா: அது எல்லாச் சபையிலும் உள்ளதுதான். எத்தனை மணிக்கு?

மருமகள்: ஒன்பது மணிக்கு ஒரு பாட்டு, ஒரு வசனம், ஜெபம். அப்புறம் புளியங்கொட்டை.

மாமா: காணிக்கையாகவா?

மருமகள்: கூட்டலுக்கு.

மாமா: ஆள் கூட்டுகிறாயா?

மருமகள்: கழித்தலும் உண்டு மாமா.

மாமா: யாரைக் கழிக்கிறாய்? போன கமிட்டித் தேர்தலில் என்னைக் கழிக்கப் பார்த்தார்களே, அந்தக் கூட்டத்தோடு நீயும் சேர்ந்துவிட்டாயா?

மருமகள்: மாமா, பள்ளிக்கூடம்! என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நானே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பேழை நோவாவுடையது. இன்றைய கணக்குப் பாடம்.

மாமா: அப்பாடா! பள்ளிக்கூடமா? நான் பயந்தே போனேன். (மூச்சு விட்டுக்கொண்டு) வேன் எத்தனை மணிக்கு வருகிறது?

மருமகள்: எந்த வேன்?

மாமா: பள்ளிக்கூடம் என்றால் வேன் வர வேண்டாமா?

மருமகள்: அடுக்களையிலிருந்து திண்ணைக்கு வர வேன் எதற்கு மாமா?

மாமா: யூனிபார்ம்?

மருமகள்: மூத்தவன் சட்டையே போடமாட்டேன் என்கிறான். வாழைக்கறை படுகிறதாம். நேற்றுப் பின்னம் நடத்தினேன். ஒரு குலைக்கு ஏழு சீப்பு; ஒரு சீப்பு குலையில் ஏழில் ஒரு பங்கு. இரண்டு சீப்பைத் தின்றுவிட்டு, ஏழில் ஐந்து பங்கு பாக்கி என்று சரியாகச் சொன்னான். அப்புறம்தான் வயிற்றுவலி.

மாமா: வேன் இல்லை, யூனிபார்ம் இல்லை. இதைப் பள்ளிக்கூடம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

மருமகள்: மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் நம் மயிலாடியில் வேலையைத் தொடங்கி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் கூட்டி உட்கார்த்திய பிள்ளைகள் எந்த வேனில் வந்தார்கள்?

மாமா: அவர் வெள்ளைக்காரர், நடப்பார். சட்டம் என்று ஒன்று இருக்கிறது மக்களே. போலீஸ் வந்தால்?

மருமகள்: 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்கிறது. பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் சொல்கிறது. ஆனால் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற தாய்க்குத் தண்டனை என்று அதில் ஒரு வரி கிடையாது. 14 வயதானால் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

மாமா: தேர்வு எழுத எதில் போவான்?

மருமகள்: வேனில் போகட்டும் மாமா. அன்று ஒரு நாளைக்கு.

(இந்தக் கேள்விகளைக் கல்யாண வீட்டிலும் சபை விருந்தான அசனப் பந்தியிலும் நானே என் காதால் கேட்டிருக்கிறேன். பிள்ளை என்ன படித்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், என்ன ஃபீஸ், எங்கே வேன் ஏறுகிறது. இந்த மூன்றுதான்.)

மாமா: என் பேத்தியைப் பார். நாலரை வயது. ஏழேகாலுக்கு வேனில் ஏறிவிடுவாள். நாலு பக்கம் ஆங்கிலம் எழுதுவாள்.

மருமகள்: பார்த்தேன் மாமா. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தாளே. மரச்சீனி எங்கே காய்க்கும் என்று என் இளையவள் கேட்டாள். உங்கள் பேத்தி தென்னையின் உச்சியைக் காட்டினாள்.

மாமா: பெயரிலேயே மரம் இருக்கிறதே, பிள்ளைமேல் என்ன தப்பு?

மருமகள்: தப்பே இல்லை. ஆனால் காலையில் தின்றுவிட்டு வந்த மரவள்ளிக் கிழங்குதான் அது. அதைப் பிடுங்க ஒரு நாள் அவளை விளைக்குள் இறக்கினீர்களா? ஷூவில் மண் படும் என்று தூக்கிக்கொண்டே நடக்கிறீர்கள்.

மாமா சற்று நேரம் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சை மாற்றினார்.

மாமா: சரி, இந்தப் பேழை எவ்வளவு உயரம் வரும்?

மருமகள்: முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 45 அடி. மாத்தூர் தொட்டிப் பாலம் 115 அடி. பேழைமேல் பேழை வைத்து அடியில் நிறுத்தினாலும் 25 அடி மிஞ்சும். போன வாரம் பாலத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டோம். இளையவளுக்குப் பயத்தில் கழித்தல் வரவில்லை.

மாமா: முழம் என்றால் யார் கை?

மருமகள்: அதுதான் மாமா இன்றைய பாடமே! மூத்தவன் தன் கையால் அளந்தால் 300 முழம் உங்கள் விளைக்குள் கொஞ்சம்தான் வருகிறது. அவன் அப்பா கையால் அளந்தால்தான் உங்கள் நடுவிளைவரை போகிறது. ஆளுக்கு ஆள் முழம் மாறுகிறது. அதனால்தான் அடி, மீட்டர் என்று ஒரு பொது அளவு வேண்டியிருக்கிறது. அவனே கண்டுபிடித்தான்.

மாமா: கெட்டிக்காரன். அவன் கையாலேயே அளக்கச் சொல். பெரியவர்கள் முழம் நம்ப முடியாது.

மருமகள்: சந்தேகம் வந்து டேப் வைத்தும் அளந்தான். எங்கள் விளை 270 அடி. ஆனால் பத்திரத்தில் 280 என்று இருக்கிறது.

மாமா: ...

மருமகள்: நம் இரண்டு விளைக்கும் நடுவில் எல்லைச் சுவராகக் கையாலையைப் புதிதாகக் கட்டினீர்களே மாமா, அதுவரைக்கும்தான் 270. மீதிப் பத்து அடியை ஜலப்பிரளயம் அடித்துக்கொண்டு போயிற்றா என்று காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உங்களிடமே கேட்கச் சொல்லட்டுமா? டேய், இங்கே வா!

மாமா: (செருப்பைத் தேடிக்கொண்டு) வேண்டாம், வேண்டாம், படிக்கிற பிள்ளையைக் கூப்பிடாதே. சொல்கிறேன் கேள் மக்களே, இந்த மாதிரிப் புத்தியுள்ள பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது தப்பு. நாளைக்கே நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்துவிடு. ஃபீஸில் பாதி நான் தருகிறேன். வேனுக்கும் நானே சொல்லிவிடுகிறேன்.