மஞ்சளான லென்ஸ் எல்லாம் பூஞ்சணம் பிடித்த லென்ஸ் இல்லை

'பழைய கேமரா லென்ஸ் மஞ்சளாகியிருந்தால் அது பூஞ்சணம், தூக்கிப் போடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு, தயவுசெய்து பகிராதீர்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் நான் வாங்கிய சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 என்ற பழைய லென்ஸ், அதாவது உள்ளே 7 கண்ணாடி உள்ள வகை, லேசான தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில்தான் இருந்தது. அந்தக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறது, அதன் கதிர்வீச்சே பல ஆண்டுகளில் அதை மஞ்சளாக்குகிறது. புற ஊதா ஒளி பட்டால் தெளியும். பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றிச் சன்னலோர வெயிலில் சில வாரம் வைத்தேன், வெளுத்துவிட்டது. பூஞ்சணம் என்றால் டார்ச் அடிக்கும்போது சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரியும், நம் ஊர் ஈரப்பதத்தில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். சரி, தோரியம் ஆபத்தா? கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் படும் கதிர்வீச்சு மிகக் குறைவு. கண்ணாடியைத் தேய்த்து அரைக்கவோ உடைக்கவோ மட்டும் வேண்டாம்.