குதிரை எங்கே, பாய்?

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய சாமான் கடை. வாசலில் மேஜை. நாலு கால் இருந்தும் மூன்றுதான் தரையைத் தொடும். டீ கிளாஸ் வைத்தால் பாதி டீ கணக்கு நோட்டுக்குப் போய்விடும். அதன் மேல் காட்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்த மெல்லிசைக் கச்சேரிக்காரர் ஆறுமுகம் தன் கிட்டாரைக் கிடத்துகிறார்.

பாய்: என்ன வாத்தியாரே, இதுக்கு வயிறு உப்பியிருக்கு?

ஆறுமுகம்: ஆர்ச்டாப், பாய். மேல்பலகை வளைஞ்சுதான் இருக்கும். உள்ளே வெறும் கூடு.

பாய்: (தட்டிப் பார்த்து) ஒண்ணுமே இல்லையா? சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊருக்கு ஏற்கெனவே பேரு. இது வேறயா?

ஆறுமுகம்: சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிட்டார். அந்த இடம் காலி, இதைச் சேர்த்துக்குங்க.

பாய்: என்ன மரம்? தேக்கா?

ஆறுமுகம்: மேப்பிள். ஒட்டுப்பலகை.

பாய்: பிளைவுட்டா! அலமாரியே விலை போகலை!

ஆறுமுகம்: இது வேற. கூடு காலியா இருக்கிறதால ஸ்பீக்கர் சத்தம் பட்டு பலகை ஆடும், கம்பியும் ஆடும், அந்தச் சத்தம் மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். ஊளை கிளம்பிடும். ஒட்டுப்பலகை விறைப்பா இருக்கும், அவ்வளவு சீக்கிரம் ஊளையிடாது.

பாய்: இதுவரைக்கும் இட்டதே இல்லையா?

ஆறுமுகம்: ஆம்பூர்ல ஒரு கல்யாணம். சரியா தாலி கட்டுற நேரம்... அதை விடுங்க.

பாய் விடவில்லை. நோட்டில் ‘ஊளை’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். அப்புறம் செல்போன் வெளிச்சத்தை வயலினில் இருப்பது போன்ற அந்த நெளிந்த ஓட்டைக்குள் அடித்தார்.

பாய்: உள்ளே ஒரு சீட்டு. கிப்ஸன், இ.எஸ். 175.

ஆறுமுகம்: கிப்ஸன் கம்பெனி பேரு, இ.எஸ்.னா எலெக்ட்ரிக் ஸ்பானிஷ். அமெரிக்க டாக்டர் ஒருத்தர் ஊருக்குக் கிளம்பும்போது எங்கப்பாவுக்குக் கொடுத்தது. இந்த மாடல் 1949-ல வந்தப்போ விலை 175 டாலர்.

பாய்: விலையைப் பேரிலேயே போட்டிருக்கான். நேர்மையான கம்பெனி. இந்தாங்க, 175 ரூபாய்.

ஆறுமுகம்: டாலர், பாய்! அதுவும் அந்தக் காலத்து டாலர்! இன்னைக்கு லட்சக்கணக்குல போகும்.

பாய்: போகும். என் கடைக்கு வர்றவன் மிக்சி ஜார் மூடி கேக்குறான்.

சொல்லிக்கொண்டே கிட்டாரைக் கவிழ்த்தார். டொக்கென்று ஏதோ விழுந்தது.

பாய்: உடைஞ்சுது! நான் தொடவே இல்லை!

ஆறுமுகம்: உடையலை. அது குதிரை. கம்பியைத் தாங்குற கட்டை. அதை ஒட்டவே மாட்டாங்க, கம்பி அழுத்துறதுலதான் நிக்கும். பஸ்ல வரணுமேன்னு கம்பியைத் தளர்த்தியிருந்தேன்.

பாய்: கட்டையை ஒட்டக்கூடத் தெரியாதவனுக்கு லட்சமா? ஃபெவிக்கால் பத்து ரூபாய்.

ஆறுமுகம்: ஒட்டினா போச்சு. ஒரு நூல் நகர்ந்தாலே மேல போகப் போக சுருதி விலகும். உங்களுக்கு இதெல்லாம்... வேண்டாம் பாய், நான் விக்கலை. குதிரையைக் கொடுங்க.

பாய்: கோபப்படாதீங்க. டீ சொல்லியிருக்கேன், குடிச்சுட்டுப் போங்க.

டீ வந்தது. இரண்டு கிளாஸையும் மேஜையில் வைத்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறுமுகம் கிளாஸைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மெல்லக் குனிந்தார்.

ஆறுமுகம்: பாய்...

பாய்: குடிச்சுட்டு எடுங்க வாத்தியாரே. இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் கிளாஸ்ல டீ முழுசா இருக்கு.